டிசம்பர் கணக்கு

ஜூலையில் வாங்கினால் எதுவும் போதும்போல் இருக்கும்.
ஒரு கையகலச் சூரியத்தகடு, ஒரு சின்ன பேட்டரி.
நம் கிளைடர் சங்கத்து மேட்டுக்கு இது தாராளம் என்று
டிலென் கைப்பேசியில் படம் காட்டினான்.
ஹெர்மினா கேட்டாள்:
டிசம்பர் இருபதாம் தேதி அந்த மேட்டில்
வெயில் எத்தனை நிமிஷம் உட்கார்ந்திருக்கும்?

யாருக்கும் தெரியவில்லை.
அவள் போன டிசம்பரில் ஏறிப்போய்ப் பார்த்திருந்தாள்.
நாற்பத்தொரு நிமிஷம்.
தெற்குச் சிகரத்தின் தோள்மேல் எட்டிப் பார்த்துவிட்டு
கடன் கொடுத்தவனைக் கண்டதுபோல்
இறங்கிவிட்டதாம்.

நான் பொருளாளர்.
கையில் அறுநூற்று முப்பது யூரோ.
அதில் நூற்றைம்பது வோய்கோவின் மனைவி தந்தது.
உறையின்மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

முதலில் மூளை.
டிலெனின் குட்டிக் கணினி நான்கு வாட் குடிக்கும்,
திரையிருந்தால் சினிமாகூடக் காட்டும்.
ஆளில்லாத மேட்டில் யாருக்குச் சினிமா என்றாள்.
தீப்பெட்டி அளவில் ஒரு பலகையை எடுத்து வைத்தாள்.
அதற்குத் தெரிந்தது கேட்பது,
கேட்டதைப் பள்ளத்தாக்குக்குச் சொல்வது.
ஒரு வாட், மேலே ஒரு மிடறு.

பிறகு பேட்டரி. சண்டை இங்கேதான்.
லித்தியம் லேசு, முதுகில் இருப்பதே தெரியாது.
ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே சோறு இறங்காது அதற்கு;
வெயில் வாசலில் வந்து நின்றாலும் வாய் திறக்காது.
ஈயம் பதின்மூன்று கிலோ.
குளிரில் சுருளும், முனகும்,
என்றாலும் போட்டதைத் தின்னும்.
நாலு மணி நேர ஏற்றம், யார் சுமப்பது என்றான் டிலென்.
கேட்டவனே சுமப்பதென்று
எதிர்ப்பின்றித் தீர்மானம் நிறைவேறியது.

டிசம்பரில் எவன் பறக்கிறான் என்றும் கேட்டான்.
நியாயம்தான். ஓடுபாதையிலேயே முழங்கால் பனி.
ஹெர்மினா ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
காலியான ஈயம் உறையும், உறைந்தால் வெடிக்கும்.
மே வரை பாதை திறக்காது.
டிசம்பரில் செத்ததை
மார்ச்சில் போய் யார் எழுப்புவது?

மார்ச் என்றதும் கொஞ்ச நேரம்
யாரும் எதையும் விலை கேட்கவில்லை.

கணக்குப் புத்தகத்தில் எழுதினேன்:
வானொலி ஏற்பி, வெளிப்புறம், ஒன்று.
எழுதாதது இது.
மார்ச்சில் வோய்கோ மேட்டுக்கு அப்பால் விழுந்தான்.
இறக்கை முறிந்தது, அலைபரப்பி முறியவில்லை.
நொடிக்கு ஒருமுறை, பதினோரு மணி நேரம்,
இங்கே இருக்கிறேன் இங்கே இருக்கிறேன் என்று
பிசகாத அட்சரேகையில் தீர்க்கரேகையில்
பனியிடம் சொல்லிக்கொண்டிருந்தது.
நான்காம் நாள் எடுத்து வந்தபோது
எல்லாம் அதில் பதிவாகியிருந்தது.
முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் முறை.
நான்தான் எண்ணினேன். பொருளாளர் அல்லவா.

செப்டம்பரில் ஏறினோம்.
முதல் உலகப்போரில் இத்தாலியர் எழுப்பிய சுவர்,
கூரை போய் நூறாண்டு. அன்றும் இந்த மூலையில்
எவனோ ஒருவன் இருட்டைக் கேட்டுக்கொண்டுதான் நின்றிருப்பான்.
அதில் நாலு போல்ட்.
தகட்டைச் செங்குத்தாய் நிறுத்தினாள், பனி தங்காமல் வழுக்க.
பெட்டி, பழைய ஸ்கீ லிஃப்டில் கழற்றியது, இலவசம்.
அடியில் ஒரு துளை, வியர்த்த நீர் வடிய.
கேபிள்கள் கீழிருந்து நுழைந்தன.
மஞ்சள் அலகு மலைக்காக்கைகள் இரண்டு
சிலிக்கான் பூச்சைக் கொத்திப் பார்த்துவிட்டு
ருசியில்லை என்று போயின.

டிலென் கையிலொரு அலைபரப்பியோடு
மேட்டுக்கு அப்பால் இறங்கினான், அந்த இடம் வரை.
தனியாகப் போகிறேன் என்றான்.
பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கியது,
நொடிக்கு ஒன்று.
ஹெர்மினா அதைப் பார்க்கவில்லை,
தேவைக்கு மேல் ஒரு போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

இன்று டிசம்பர் இருபது.
வானத்தில் ஒரு கிளைடர் இல்லை.
நள்ளிரவில் மேட்டிலிருந்து ஒரு வரி வரும்:
வோல்ட் 12.2. கேட்டவை 0.

அந்தப் பூஜ்யத்தை
வரவுப் பக்கத்தில் எழுதுகிறேன்.